மகள் பெயரில் உள்ள வீடு

ஸுல்பிகாவிடம் யார் பேச்சுக் கொடுத்தாலும் மூன்றாவது வார்த்தையில் வீடு வந்துவிடும். குவைத்தில் பதினொரு வருடம் அடுத்தவர் அடுப்படியில் கிடந்து உழைத்து, மாவடிப்பள்ளியில் கட்டிய வீடு. ஊர் வழக்கப்படி அதை மகள் றுமானாவுக்குச் சீதனமாக எழுதினாள். மருமகன் மிஹ்லார் அங்கே குடிவந்தான். கலியாணத்துக்கு வந்தவர்கள் சாப்பிட்டார்களோ இல்லையோ, குளியலறையின் மாபிள் கல்லைக் காட்டாமல் அவள் யாரையும் அனுப்பவில்லை.

அந்த மிஹ்லார் வேலைக்கென்று துருக்கிக்குப் போனான். சிரியாவுக்குள் நுழைந்து ஆயுதக் குழுவொன்றில் சேர்ந்துவிட்டான் என்பது, விசாரணைக்காரர்கள் வீட்டுக்கு வந்து சொன்னபோதுதான் தெரிந்தது. றுமானா அந்நேரம் பாலர் பாடசாலையில் படிப்பித்துக்கொண்டிருந்தாள். அலுமாரிக்குள் இருந்த மடிக்கணினியை எடுத்த அதிகாரி, இது யாருடையது என்று கேட்டார். மருமகன்மேல் கொதித்துப்போயிருந்த ஸுல்பிகாவுக்கு வாய் சும்மா இருக்கவில்லை.

“இந்த ஊட்டுல இருக்கிற எல்லாம் எண்ட மகள்ற சேர். வந்தவனுக்கு ஒரு பாய் கூட இஞ்ச சொந்தமில்ல.”

எழுதி வாசித்துக் காட்டினார்கள். தலையை நிமிர்த்திக்கொண்டு கையெழுத்துப் போட்டாள்.

மூன்று வருடம் போனது. றுமானா விவாகரத்துப் பெற்றாள். கட்டாரில் ஒரு சிறுவர் பள்ளியில் வேலையும் கிடைத்தது. பெட்டி கட்டி முடித்த கிழமை கடிதம் வந்தது. வீட்டில் எடுத்த மடிக்கணினியில் இருந்தவற்றைக் காட்டி, வெளிநாட்டுப் பயங்கரவாதக் குழுவோடு தொடர்புள்ளவர் என்று அவளுடைய கடவுச்சீட்டை ரத்துச் செய்திருந்தார்கள்.

“போயும் என்னக் கெடுத்திட்டான் உம்மா,” என்று அழுதாள் றுமானா.

ஸுல்பிகாவும் சேர்ந்து அவனைத் திட்டினாள். திட்டத் திட்ட, எல்லாம் மகளுடையது என்று தான் போட்ட கையெழுத்து நினைவுக்கு வந்தது. நாளைக்குச் சொல்லலாம், நாளைக்குச் சொல்லலாம் என்றே இருபது நாளைக் கடத்தினாள் பாவி.

மேன்முறையீட்டுக்காக இருவரும் கொழும்புக்குப் போனார்கள்.

“அந்தக் கணினி அந்தாள்ற. நான் தொட்டதே இல்ல,” என்றாள் றுமானா.

தமிழ் தெரிந்த அதிகாரி கோப்பைப் புரட்டி, பழைய வாக்குமூலத்தை நிதானமாக வாசித்தார். பிறகு தாளை ஸுல்பிகாவின் முன் திருப்பி வைத்தார்.

“இது உங்கட கையெழுத்தா?”

“ஓம் சேர். அது பெருமைக்குச் சொன்ன கதை. கணினி அவன்ட.”

“அப்ப அண்டைக்குப் பொய்யா சொன்னீங்க? இப்ப எத நாங்க நம்புற?”

ஸுல்பிகா மகளின் பக்கம் பாராமல் தாளைத் திரும்பத் தள்ளி வைத்தாள். திரும்ப விசாரிப்பதாகச் சொன்னார்கள். எப்போது என்று சொல்லவில்லை. பத்தாம் திகதிக்குள் போய்ச் சேராவிட்டால் கட்டார் வேலை போய்விடும்.

ஊர் திரும்பும் கல்முனை பஸ் அம்பாறையைத் தாண்டியது. றுமானா ஜன்னல் பக்கம் பார்த்தபடி கேட்டாள்.

“கடிதம் வந்த அண்டைக்கே ஏன் உம்மா எனக்குச் சொல்லல்ல?”

“பயமா இருந்திச்சி மகள்.”



வீட்டுக்கு வந்து றுமானா கதவைத் திறந்தாள். உம்மா வெளியிலேயே நிற்பதைக் கண்டு திரும்பினாள்.

“வாங்க உம்மா. எண்ட ஊடுதானே, நான்தானே கூப்பிடோணும்.”

ஊரையே கூப்பிட்டுக் காட்டிய வீட்டு வாசலில், ஸுல்பிகாவுக்குக் கால் எழவில்லை.