ஷைனிக்குச் சேராத கடிதம்

எங்கள் தொழிலில் ரத்தம் எடுப்பது இரண்டு நிமிட வேலை; யார் யார் எதனால் செத்தார்கள் என்று கேட்டு வாங்கத்தான் அரை நாள் போகும். மார்பகப் புற்றும் சினைப்பைப் புற்றும் குடும்பத்தில் இறங்குமா என்று பார்க்கும் பிரிவில், நாகர்கோவிலில் எட்டு வருடம் இருந்தேன். வீட்டில் ஒரு நோயை வைத்துக்கொண்டு பக்கத்து வீட்டில் 'அல்சர்' என்று சொல்லி வைத்திருப்பவர்களுக்கு நான் சொல்வது புரியும்.

படம் வரைதல்

முதலில் குடும்பப் படம் வரைவோம். பெண்களுக்கு வட்டம், ஆண்களுக்குச் சதுரம். நோய் வந்தவர்களைக் கறுப்படிக்க வேண்டும். இரணியலிலிருந்து வந்த ரோஸ்மேரிக்குச் சினைப்பையில் புற்று. அவருடைய அம்மா, அக்கா, சித்தி மூவருமே ஐம்பதைத் தாண்டவில்லை. ஒருவருக்கு நீர்க்கட்டு, ஒருவருக்கு வயிற்றுவலி, ஒருவருக்கு 'என்னமோ வீக்கம்'. மூன்று வட்டத்தையும் கறுப்படிக்கலாமா என்று கேட்டேன்.

"எங்க குடும்பத்துல யாருக்கும் கேன்சர் கெடையாது சாரே. சாவுதான் கொஞ்சம் கூடுதல்."

மூன்று ஓலை

ரோஸ்மேரியின் ரத்தப் பரிசோதனை முடிவு வந்தது. மரபணுவில் கோளாறு. ஒரே மகள் ஷைனிக்கும் அது இருக்கப் பாதிக்குப் பாதி வாய்ப்பு; தெரிந்தால் முன்கூட்டியே பார்த்துக்கொள்ளலாம். ஆனால் மகளிடம் நாங்களாகச் சொல்லக் கூடாது, பரிசோதனை முடிவு நோயாளிக்குச் சொந்தம். நீங்களும் பரிசோதித்துக்கொள்ளுங்கள் என்று உறவினருக்கு ஒரு கடிதம் எழுதி நோயாளி கையில் கொடுப்போம். அவர்தான் கொண்டுபோய்ச் சேர்க்க வேண்டும்.

ரோஸ்மேரி கடிதத்தை நான்காக மடித்துப் பர்சில் வைத்தார். ஷைனிக்குக் கல்யாணம் நிச்சயமாகியிருந்தது. அந்த ஞாயிறு மாதா கோயிலில் கல்யாண அறிவிப்பின் முதல் ஓலை. தடை ஏதும் அறிந்தவர்கள் தெரிவிக்கலாம் என்று மூன்று ஞாயிறு வாசிப்பார்கள். இது அந்தத் தடையில் சேராது என்றேன்.

"சாமியாருக்குச் சேராது. மாப்பிள வீட்டுக்குச் சேரும். மூணு ஓலையும் கழியட்டு, நானே குடுக்கேன்."

வெளியே பெஞ்சில்

ஷைனி வெளியே பெஞ்சில்தான் இருந்தாள். பள்ளிக்கூட டீச்சர். அம்மா மருந்து வாங்கப் போன நேரம் உள்ளே வந்து, ரிசல்ட் என்ன என்று கேட்டாள். அம்மாவிடமே கேளுங்கள் என்றேன். விதிப்படி சரியான பதில். அவள் சிரித்தாள்.

"கேட்டாச்சு சார். ஒங்ககிட்ட கேக்கச் சொன்னா."

தொலைபேசி

கல்யாணம் முடிந்து ரோஸ்மேரியைக் கூப்பிட்டேன். "மாசமா இருக்கா. இப்பம் சொல்லிப் பயங்காட்டவா?" என்றார். குழந்தை பிறந்ததும் கூப்பிட்டேன். "பால் குடுக்கா" என்றார். மூன்றாம் முறை எடுத்தது அவர் தம்பி. ஷைனியின் எண்ணை அவரிடம் கேட்டிருக்கலாம். கேட்கவில்லை.

"அக்காளை அடக்கம் பண்ணியாச்சு சார். இனி யாருக்கு டெஸ்ட்டு?"

பீரோ

கடிதம் கொடுத்த நான்காவது வருடம் ஷைனி கணவனோடு வந்தாள். மார்பில் கட்டி, கக்கத்துக்கும் பரவிவிட்டது. சிகிச்சைக்கு முன் அம்மாவின் பழைய ஆஸ்பத்திரிச் சீட்டுகளை டாக்டர் கேட்டிருக்கிறார். பீரோவில் தேடியபோது, சேலைகளுக்கு அடியில் என் கடிதம் இருந்திருக்கிறது. மடிப்பில் கிழிந்து நான்கு துண்டாகியிருந்தது. மேசையில் சேர்த்து வைத்துக் காட்டினாள்.

குவைத்திலிருந்து வேலையை விட்டு வந்திருந்த கணவர், "எனக்கிட்ட அப்பமே சொல்லியிருந்தாலும் நான் இவளக் கெட்டியிருப்பேன் சார்" என்றார். நான் ரத்தம் எடுக்க ஷைனியின் கையில் நரம்பு தேடிக்கொண்டிருந்தேன். அவள் அவரைப் பார்க்காமல் சொன்னாள்:

"ஒங்ககிட்ட பெறவு சொல்லியிருக்கலாம். மொதல்ல எனக்கிட்டல்லா சொல்லணும்."

கடிதம் கொடுக்கும் முறை இன்றும் அதுதான். தாள் மட்டும் இப்போது நல்ல கனம், எத்தனை வருடம் பீரோவில் கிடந்தாலும் கிழியாது.