மாமாவின் நெற்றி

மலேசியாவின் கோலா கெத்திலில் எங்கள் சாப்பாட்டுக் கடையில், கைகழுவும் தொட்டிக்கு மேலே ஒரு கண்ணாடி உண்டு. வருகிறவர்கள் அதில் பல்லைப் பார்ப்பார்கள், மீசையைப் பார்ப்பார்கள். மாமா நெற்றியைப் பார்ப்பார். என் அம்மாவின் தம்பி, கடை முதலாளி. ஐவேளையும் தரையில் நெற்றி வைத்துத் தொழுததில் நடுநெற்றியில் கறுப்பாக ஒரு காய்ப்பு ஏறியிருந்தது. அதைப் பார்த்தே ஊரில் பாதிப்பேர் அவரை ‘ஹாஜி’ என்றார்கள். அவர் ஹஜ்ஜுக்குப் போனதே இல்லை.

முழங்கால் அறுவைச் சிகிச்சைக்குப் பிறகு மாமாவால் நாற்காலியில் உட்கார்ந்துதான் தொழ முடிந்தது. மார்க்கத்தில் அதற்கு இடமுண்டு. ஆனால் தரை தொடாத நெற்றி மாதாமாதம் வெளுத்துக்கொண்டே வந்தது.

“மறுமையில நெத்தியப் பாத்துத்தான்டா நம்மள அடையாளம் தெரியும்” என்றார் ஒருநாள்.

“அங்க என்ன மாமா, இமிக்ரேஷன் கவுண்டரா லா?” என்றேன். என் மொக்கை ஜோக்குக்கும் தோள்துண்டை வீசிச் சிரிக்கிறவர், அன்று சிரிக்கவில்லை.

அந்தச் சமயம் பார்த்து எனக்கு நெற்றியில் ஒன்று முளைத்தது. நான் ரொட்டி போடும் கல்லுக்கு மேலிருந்த புகைக்கூண்டுத் தகரத்தில் ஒரே இடத்தில் இடித்து இடித்துக் கறுத்துப்போன தழும்பு. உயரத்தை வளர்த்த அளவுக்கு மூளையை வளர்க்காதவன் நான். சுபுஹு தொழுகைக்கு என்னை எழுப்பத் தனியாக ஒரு படை வேண்டும். இருந்தும் ஆட்கள் இரண்டு கையாலும் சலாம் கொடுக்கத் தொடங்கினார்கள். “தகரம் இடிச்சது பாய்” என்றால், “பாருங்க, என்னா அடக்கம்!” என்பார்கள். மாமா கல்லாவில் குனிந்துகொள்வார்.

ஒரு மதியம் கண்ணாடி முன்னால் என்னைக் கூப்பிட்டு நிறுத்தினார். “மாப்ள, இருக்கா பாரு.”

“இருக்கு மாமா. லேசா.”

“பொய் சொல்லாத. ஒன்னோடதுதான் தெரியுது.”

மாமா போய்ச் சேர்ந்த அன்று, கஃபன் துணியை விலக்கிக் கடைசியாக முகம் காட்டியபோது, அந்த நெற்றி குழந்தையின் நெற்றிபோல் இருந்தது. உறவில் ஒருவர் முன்னால் நின்று தொழவைக்கலாம் என்றார் இமாம். எல்லாரும் என் நெற்றியைப் பார்த்தார்கள். “நீங்கதான் பாய் பொருத்தம்” என்று பின்னாலிருந்து யாரோ தள்ளினார். தொப்பியைப் புருவம்வரை இழுத்துவிட்டுக்கொண்டு கடைசி வரிசைக்குப் போனேன். ஜனாஸா தொழுகையில் சுஜூது கிடையாது. அன்று யார் நெற்றியும் தரையைத் தொடவில்லை.

தகரத்தை உயர்த்திக் கட்டிவிட்டேன். கறுப்பு மட்டும் போகமாட்டேன் என்கிறது. மாமா நின்ற இடத்திலேயே நின்று, போய்விட்டதா என்று தினமும் கண்ணாடியில் பார்க்கிறேன்.

“ஹாஜி, கொஞ்சம் தள்ளுங்க லா, கை கழுவணும்” என்கிறார்கள் பின்னால்.