பாயாசம் ஊற்றிய சிரட்டை

பிளாஸ்டிக் கரண்டிகளை எங்கள் அலுவலகத்துக்குள் கொண்டுவந்தவர் முதலாளிதான். எண்பதுகளின் தொடக்கம் அது. பதுளைக் கடைவீதிக்குப் பின்னால் இருந்த அந்தச் சின்ன அலுவலகத்தில் நான் தட்டச்சு செய்துகொண்டிருந்தேன். வறட்சி வந்தால் குழாயில் சொட்டுத் தண்ணீர் இருக்காது. நாங்கள் சாப்பிட்ட கையைச் சரியாகக் கழுவாமல் கோப்புகளைத் தொடுகிறோம், காகிதமெல்லாம் குழம்பு வாசம் அடிக்கிறது என்று முதலாளிக்கு எரிச்சல். கொழும்புக்குப் போய் வந்தவர் ஒரு பெட்டி நிறைய வெள்ளைக் கரண்டிகளை மேசையில் வைத்து, "சாப்பிட்டுட்டு வீசிடுங்க" என்றார்.

வீசினோம். அதற்கு முன் அந்தக் கரண்டியோடு மல்லுக்கட்ட வேண்டியிருந்தது. வாழையிலைப் பொட்டலத்தில் கட்டி வந்த சோற்றைப் பருப்போடு பிசைய அது உதவாது. உருளைக்கிழங்கை அழுத்தினால் கிழங்கு அப்படியே இருக்கும், கரண்டி ஒடியும். மழை தொடங்கியதும் பின்பக்க வாய்க்கால் கரண்டியால் அடைத்துக்கொண்டு, தண்ணீர் அலுவலகத்துக்குள்ளேயே ஏறிவிட்டது. குவித்து எரித்துப் பார்த்தோம். அந்த நாற்றத்தில் முதலாளியே மூக்கைப் பொத்திக்கொண்டு தெருவுக்கு ஓடினார்.

மாற்று வழி தேடியவர் ராத்தா. பக்கத்து மேசையில் கணக்குப் பார்த்தவர், என்னைவிட மூத்தவர், நகரத்து முஸ்லிம் வியாபாரக் குடும்பம். அவர்கள் வழக்கில் ராத்தா என்றால் அக்கா; எல்லோரும் அப்படியே கூப்பிட்டோம். முதலில் பலா இலையை மடித்து ஈர்க்குக் குத்தி கரண்டி செய்துகொண்டு வந்தார். நன்றாகத்தான் இருந்தது, ஆனால் தினமும் பலா மரத்துக்கு யார் போவது? பிறகு வீட்டுச் சமையலில் மிஞ்சிய தேங்காய்ச் சிரட்டைகளைக் கண்ணாடித் துண்டால் சுரண்டி, தேங்காயெண்ணெய் தேய்த்து, மூங்கில் காம்பு செருகி ஆளுக்கொரு கரண்டி கொடுத்தார். ஈரத் துணியால் துடைத்தால் போதும். கொஞ்ச நாளில் ஆளுக்கொரு கிண்ணமும் வந்தது. கறுகறுவென்று மின்னியது. முதலாளிகூட வெட்கப்படாமல் தனக்கும் ஒன்று கேட்டு வாங்கிக்கொண்டார்.

எனக்கு அந்த மேசைமேல் பெரிய பெருமை. தோட்டத் தொழிலாளர் லயத்தில் பிறந்த பெண், முதலாளி உட்காரும் அதே மேசையில் உட்கார்ந்து சாப்பிடுகிறேன். இதை அப்பா ஒரு தடவை கண்ணால் பார்க்க வேண்டும், அந்த மேசையில் அவரும் உட்கார்ந்து ஒரு வாய் சாப்பிட வேண்டும் என்பதுதான் என் ஆசை. நமுனுகுல பக்கத்துத் தோட்டத்தில் காலமெல்லாம் தேயிலைச் செடிகளைக் கவ்வாத்து வெட்டியவர். எத்தனை தரம் கூப்பிட்டும் வரவில்லை. கடைசியில் கண் காட்ட பதுளை ஆஸ்பத்திரிக்கு வந்த நாளில் பிடித்துக்கொண்டேன்.

சலவை வேட்டியும் கோட்டுமாக வந்தார். முதலாளி எழுந்து நின்று, "வாங்க ஐயா" என்றார். என் பக்கத்து நாற்காலியில் அப்பா நுனியில் உட்கார்ந்தார். உட்கார்ந்துவிட்டார் என்பதே எனக்குப் போதும்போல் இருந்தது. அப்பா வருகிறார் என்று ராத்தா சவ்வரிசிப் பாயாசம் காய்ச்சிக் கொண்டுவந்திருந்தார். இருப்பதிலேயே நல்ல சிரட்டைக் கிண்ணத்தைத் தேடி எடுத்து, முதலில் அவருக்குத்தான் ஊற்றினார்.

"உங்கட வீடு மாதிரி நினைச்சுக் குடிங்கோ."

அப்பா கிண்ணத்தைப் பார்த்தார். இரண்டு கையாலும் வாங்கினார். எழுந்தார். யாரும் ஒன்றும் கேட்பதற்கு முன்னால் பின்வாசலைத் தாண்டிப் போய், படியில் குந்திக்கொண்டார். எங்களுக்கு முதுகைக் காட்டிக்கொண்டு குடிக்கத் தொடங்கினார்.

அப்போதுதான் எனக்கு உறைத்தது. அவர் வாலிபமாக இருந்த காலத்தில், தோட்டத்தில் வேலை வாங்கும் பெரிய கங்காணி வீட்டிலும் சந்தித் தேநீர்க்கடையிலும் எங்கள் சாதிக்காரர்களுக்குச் சிரட்டையில்தான் தேத்தண்ணீர். உள்ளே வரக் கூடாது. கூரைக் கம்பில் செருகியிருக்கும் சிரட்டையை எடுத்து நீட்டினால் எட்ட நின்று ஊற்றுவார்கள். குடித்துக் கழுவி, திரும்பச் செருகிவிட்டுப் போக வேண்டும். நான் பிறந்தபோது அது ஓய்ந்துவிட்டது. கேள்விப்பட்டிருக்கிறேன், அவ்வளவுதான். அந்த மின்னுகிற கிண்ணத்தில் எத்தனையோ நாள் சாப்பிட்டும் அது என் புத்தியில் ஏறவில்லை.

"என்ன, பாயாசம் சரியில்லியா?" என்றார் ராத்தா. அவர் முகம் வாடிவிட்டது.

என்ன சொல்வேன்? இதைச் சொன்னால் நாங்கள் யார் என்பதைச் சொல்ல வேண்டும். முதலாளி பார்த்துக்கொண்டிருந்தார். "அவருக்குக் காத்தாட இருக்கணும் ராத்தா" என்று வாயில் வந்ததைச் சொல்லிவிட்டு அப்பாவிடம் போனேன்.

"உள்ள வாங்கப்பா. எல்லாரும் பாக்குறாங்க."

"இருக்கட்டும் பாப்பா. இங்கயே நல்லாத்தான் இருக்கு." கோபமோ வருத்தமோ இல்லை குரலில். பழகிய காரியத்தைச் செய்கிற குரல். குடித்து முடித்து, வாய்க்காலோரம் இருந்த வாளித் தண்ணீரில் கிண்ணத்தைக் கழுவினார். துடைத்தார். பிறகு கூரையை அண்ணாந்து பார்த்தார், செருகுவதற்கு இடம் தேடி. நான் பிடுங்காத குறையாக அதைக் கையிலிருந்து வாங்கினேன்.

அப்பாவைப் பஸ் நிலையத்துக்குக் கூட்டிப்போனேன். எனக்கு வெட்கம் பிடுங்கித் தின்றது. எதற்கு வெட்கம் என்று பிரிக்கத் தெரியவில்லை. அப்பாவை நினைத்தா, முதலாளி பார்த்ததை நினைத்தா, எல்லோர் முன்னாலும் உண்மையைச் சொல்ல வராத என் வாயை நினைத்தா? நமுனுகுல பஸ் புறப்படத் தயாராக நின்றது. அப்பா ஏறவில்லை. என்னைத் தள்ளிக் கூட்டிப்போய்க் குரலைத் தாழ்த்தினார்.

"ஒனக்கும் அதுலதான் குடுக்குறாங்களா?"

"எல்லாருக்குமே அதுலதாம்பா. மொதலாளிக்கும் அதுலதான். பிளாஸ்டிக்கு வேணாம்னு அந்த அக்காவே செஞ்சது" என்றேன் படபடவென்று.

அப்பா என் தலையைத் தடவினார். நான் சொன்னதில் ஒரு சொல்லைக்கூட அவர் நம்பவில்லை என்று அந்தக் கையிலேயே தெரிந்தது.

"சரி பாப்பா, சரி. அம்மாகிட்ட நான் சொல்லல" என்றார்.