வேறு பெயரில் போன சதை

அக்காவின் மார்பிலிருந்து எடுத்த கட்டியை ஒரு பாட்டிலில் போட்டு, ஆய்வகத்தில் கொடுத்துவிட்டு வரச் சொல்லி என் கையில் தந்தார்கள். தொண்ணூறுகளில் கோயமுத்தூரில் அப்படித்தான். நான் சிங்காநல்லூரில் லேத் ஓட்டிக்கொண்டிருந்தேன். அக்கா புருஷன், என் மச்சானும் கூட வந்தார்.

ஆய்வக வாசலிலேயே அவர் நின்றுவிட்டார். உள்ளே வேலை செய்த ஒருவர் வெள்ளகோவில்காரர், மச்சானுக்குப் பங்காளி. என்னை அவருக்குத் தெரியாது. அக்கா மகளுக்கு அந்தியூரில் வரன் பேசிக்கொண்டிருந்த நேரம். தாய்க்குப் புற்று என்றால் மகளுக்கும் வரும் என்று மாப்பிள்ளை வீட்டார் ஒதுங்கிவிடுவார்கள் என்ற பயம்.

"பேரை மாத்திச் சொல்லிப்போடு மாப்ளே. ஊரையும் மாத்திரு," என்றார்.

மாற்றினேன். எங்கள் பக்கம் பாதிப் பெண்களுக்கு இருக்கும் ஒரு பெயரைச் சொன்னேன். ஊரும் வயதும் வாயில் வந்தவை. புற்றுதான் என்று முடிவு வந்தது. டாக்டர் பார்த்ததும் மச்சான் அந்தக் காகிதங்களை வாங்கி அடுப்பில் போட்டுவிட்டார்.

ஒரு மாதம் கழித்து டாக்டர் இன்னொரு சோதனை செய்ய வேண்டும் என்றார். சில கட்டிகளில் ஒரு மரபணு மும்முரமாக வேலை செய்யுமாம். அப்போது பெண்களின் ஹார்மோனைப் பிடித்துக்கொள்ளும் ஒரு புரதம் செல்லில் நிறைய இருக்கும். அது இருந்தால் மாத்திரைக்கு நோய் கட்டுப்படும், ஆள் கூடுதல் காலம் இருப்பாள். இல்லாவிட்டால் மாத்திரை வீண், வேறு வழி பார்க்க வேண்டும். ஆய்வகத்தில் மெழுகில் பதித்து வைத்திருக்கும் சதையைச் சென்னைக்கு அனுப்பினால் தெரிந்துவிடும்.

போனேன். பதிவேட்டில் அதே வாரம், அதே பெயரில் இரண்டு பெண்கள். இரண்டு பேருக்கும் மார்பில் புற்று. நான் சொன்ன ஊரும் வயதும் எனக்கே நினைவில்லை.

"ஏனுங்க, இதுல உங்க அக்கா யாருங்க?" என்றார் அங்கிருந்தவர்.

இரண்டு வரிகளையும் மாறி மாறிப் படித்தேன்.

"சதையைப் பாத்தா பேரு தெரியாதுங்க," என்று சொல்லி நோட்டை மூடினார். ஒருத்தியின் சதையை இன்னொருத்திக்கு எடுத்துக் கொடுக்க முடியாது என்றார். அவர் சொன்னது சரிதான்.

டாக்டர் என்னைத் திட்டிவிட்டு, குத்துமதிப்பாக மாத்திரை எழுதினார். அக்கா ஒன்றரை வருடம் விழுங்கினாள். நோய் முதுகெலும்புக்குப் போனது. மாத்திரை வீணானதா, இல்லை அந்த ஒன்றரை வருடமே மாத்திரை கொடுத்ததா, யாருக்கும் தெரியாது. தெரிந்துகொள்ள இருந்த ஒரே வழியை நான்தான் அடைத்தேன்.

மகள் கல்யாணம் அதற்குள் முடிந்திருந்தது. எழவு வீட்டில் சம்பந்தி என் பக்கத்தில் உட்கார்ந்து மெதுவாகச் சொன்னார்: "எங்களுக்கு அப்பவே தெரியுமுங்க. உங்க மச்சானோட பங்காளிதான் சொன்னாரு, ஆய்வக வாசல்ல இவரு நின்னதைப் பாத்துட்டு விசாரிச்சாராமா. இதுக்குப் போயி யாராச்சும் பொண்ணை வேண்டாம்பாங்களா?"

மச்சான் தரையைப் பார்த்தார். அவரை அறையக் கை எழுந்தது. வேறு பெயரில் பாட்டிலை நீட்டியதும் அந்தக் கைதான் என்பதால் இறக்கிக்கொண்டேன்.