சஜியா, ரெஜியா? தெளிவாகக் கேட்காத ஒரு போனுக்காக ஏலமலை ஏறிய கதை

போன ஐப்பசியில், மழை விட்டு விட்டுப் பெய்துகொண்டிருந்த ஒரு வெள்ளிக்கிழமை, போடிநாயக்கனூருக்கும் அங்கிருந்து ஏலமலைக்கும் போய்வந்தேன். சுற்றிப் பார்க்க அல்ல. அலுவலகங்களுக்கு இணையத் தொலைபேசி பொருத்திக் கொடுப்பது என் பிழைப்பு. போடியில் ஏலக்காய் வியாபாரம் செய்யும் ஜெயபால், "இன்னும் சத்தமாக் கேக்குற ஹெட்செட்" வேண்டும் என்று ஒரு வாரமாக நச்சரித்தார். வேலை விஷயமாக அந்தப் பக்கம் போகிறவர்களுக்கும், அலுவலகத்துக்கு இந்த மாதிரி போன் வாங்க நினைப்பவர்களுக்கும் சேர்த்தே இதை எழுதுகிறேன். எரிச்சலில்தான் எழுதுகிறேன், பொறுத்துக்கொள்ளுங்கள்.

மதுரையிலிருந்து போடிக்குக் காலையில் ரயில் இருக்கிறது. தொண்ணூறு கிலோமீட்டர், இரண்டு மணி நேரம், உட்கார இடமும் கிடைக்கும். நான் அதைத் தவறவிட்டேன். டிக்கெட் வரிசையில் நிற்கும்போது ஜெயபால் கூப்பிட்டு, ஹெட்செட் எந்த நிறம் என்று விசாரித்துக்கொண்டிருந்தார். பிறகு ஆரப்பாளையம் போய் பஸ் பிடித்து, தேனியில் மாறி, போடியில் இறங்கியபோது மணி பதினொன்றரை. ரயிலில் போகிறவர்கள் போனை அணைத்து வைத்துவிட்டுப் போங்கள்.

ஜெயபாலின் அலுவலகம் பஸ் நிலையத்திலிருந்து நடக்கும் தூரம்தான். உள்ளே நுழைந்தாலே ஏலக்காய் வாசம் மூக்கில் ஏறும். நான் பையைக் கீழே வைப்பதற்குள், போன் பார்க்கும் செல்வராணியைக் காட்டிப் பேச ஆரம்பித்துவிட்டார். "போனு நல்ல போனு தம்பி, எச்.டி.ன்னு போட்டிருக்கு பாருங்க. இந்தச் செவிட்டுப் பிள்ளைக்குத்தான் ஒண்ணும் கேக்க மாட்டேங்குது." செல்வராணிக்கு முப்பத்தைந்து வயது இருக்கும். அவர் தலையை நிமிர்த்தவில்லை.

நடந்தது இதுதான். மலையில் ஏலக்காய் உலர்த்தும் கட்டடத்தை ஸ்டோர் என்பார்கள். ஜெயபாலுக்கு அங்கே இரண்டு ஸ்டோர்கள். ஒன்றை சஜி பார்த்துக்கொள்கிறார், மற்றதை ரெஜி. உலர்த்தும் இயந்திரத்துக்கு டீசல் தீர்ந்துவிட்டது என்று மேலேயிருந்து சொன்னால், கீழேயிருந்து செல்வராணி ஜீப் அனுப்ப வேண்டும். இரண்டு வாரத்துக்கு முன்னால் சஜி கேட்ட டீசல் ரெஜியின் ஸ்டோருக்குப் போய்விட்டது. சஜியின் ஸ்டோரில் பறித்து வைத்திருந்த பச்சைக்காய் உலராமல் நிறம் மங்கி வீணானது. அதற்கு முன்பும் இதுபோல இரண்டு மூன்று தடவை ஆகியிருக்கிறது. செல்வராணி தேனிக்குப் போய்க் காது சோதனை செய்து, கோளாறு ஒன்றுமில்லை என்று வந்து சொல்லியிருக்கிறார். ஜெயபால் நம்பவில்லை. திங்கட்கிழமையிலிருந்து அவரைக் காய் பொறுக்கும் இடத்துக்கு மாற்றிவிட்டு, கணக்குப் பார்க்கும் தன் தங்கை மகன் கார்த்தியைப் போனில் உட்கார வைப்பதாக முடிவாகியிருந்தது. சம்பளமும் அதற்கேற்பக் குறையும்.

நான் அவருடைய நாற்காலியில் உட்கார்ந்து இரண்டு அழைப்புகள் பேசினேன். பக்கத்து அறைக்குப் போட்டால், அங்கே மின்விசிறி சுற்றுவதுகூடக் கேட்கிறது. மலைக்குப் போட்டால், சஜி குடத்துக்குள் தலையை விட்டுக்கொண்டு பேசுவது போலிருக்கிறது. சத்தத்துக்குக் குறைவில்லை. தெளிவுதான் இல்லை.

இந்த இடத்தில் கொஞ்சம் பாடம். பழைய தொலைபேசி மனிதக் குரலில் நடுவிலுள்ள ஒரு பகுதியை மட்டும் கொண்டுபோகும், மேலே இருப்பதை வெட்டிவிடும். ஸ, ஷ, ஃப போன்ற காற்றொலிகள் பெரும்பாலும் அந்த வெட்டுப்பட்ட பகுதியில்தான் இருக்கின்றன. 'சஜி'யில் சகரம் போய்விட்டால் மிச்சமிருப்பது 'அஜி'. அது ரெஜியாகவும் இருக்கலாம். அகன்ற ஒலி என்கிற புதிய முறை ஏறத்தாழ இரண்டு மடங்கு வீச்சைக் கொண்டுபோகும். ஆனால் பேசுகிற இரண்டு முனைகளும், நடுவில் இருக்கும் பெட்டிகளும் அதற்கு ஒப்புக்கொள்ள வேண்டும். ஒன்று மறுத்தாலும் அழைப்பு பழைய ஒலிக்கு இறங்கிவிடும். போன் மேலிருக்கும் எச்.டி. ஸ்டிக்கர் மட்டும் அப்படியே ஒட்டிக்கொண்டிருக்கும்.

கோளாறு மலையில் சஜியின் போனை இணையத்தோடு இணைக்கும் பெட்டியில்தான் என்று சொன்னேன். அப்படியானால் ஹெட்செட் கொண்டுவரவில்லையா என்று ஜெயபால் கேட்டார்.

மதியம் அவருடைய ஜீப்பிலேயே கிளம்பினோம். போடியிலிருந்து முந்தல் வழியாகப் போடிமெட்டு இருபத்தாறு கிலோமீட்டர் சொச்சம், பதினேழு கொண்டை ஊசி வளைவுகள். சாப்பிட்டுவிட்டு ஏறாதீர்கள். நான் சாப்பிட்டுவிட்டு ஏறினேன். ஜெயபால் ஒவ்வொரு வளைவிலும் ஒரு கையால் ஓட்டிக்கொண்டு, மறு கையில் செல்போனைப் பிடித்து யாரிடமோ கத்திக்கொண்டே வந்தார். போடிமெட்டு தாண்டிக் கேரளத்துக்குள் நுழைந்ததும் மூடுபனி. பூப்பாறைப் பக்கம் பிரிகிற மண்சாலையில் இன்னும் அரைமணி நேரம் குலுங்கி, சஜியின் ஸ்டோருக்குப் போய்ச் சேர்ந்தோம்.

சஜி சாயா கொடுத்தார், ஈரத் தலையைத் துவட்டத் துண்டும் கொடுத்தார். பெட்டி நல்ல பெட்டிதான். முன்பு பொருத்தியவர் அங்கே இணையம் மோசமாக இருந்த காலத்தில், ஆகக் குறைந்த தரத்தில் மட்டுமே பேசும்படி அதைப் பூட்டி வைத்திருக்கிறார். பிறகு நல்ல கேபிள் இணைப்பு வந்துவிட்டது. பூட்டைத் திறக்க யாரும் வரவில்லை. கடவுச்சொல் அவரிடம் மட்டுமே இருந்தது. என் செல்போனுக்கு சிக்னல் ஸ்டோருக்கு வெளியே களத்தின் ஒரு மூலையில்தான் கிடைத்தது, அங்கே கூரை கிடையாது. மழையில் நின்றுகொண்டு அவரைக் கூப்பிட்டேன். பெட்டியின் அடியிலுள்ள எண்ணைப் படம் எடுத்து அனுப்பச் சொன்னார். அனுப்பினேன். மேலிடத்தில் அனுமதி வாங்க வேண்டும் என்றார். வாங்கிக்கொண்டு கூப்பிடுவதாகச் சொன்னவர் கூப்பிடவில்லை. நானே மறுபடி கூப்பிட்டேன். கடைசியில் கிடைத்த கடவுச்சொல், ஒன்று முதல் ஆறு வரை வரிசையாக. அதை நானே போட்டுப் பார்த்திருக்கலாம்.

மாற்றி முடித்து, ஒலிபெருக்கியில் போட்டுப் போடிக்கு அழைத்தேன். சஜியை அவருடைய பெயரையும் ரெஜியின் பெயரையும் மாற்றி மாற்றிச் சொல்லச் சொன்னேன். செல்வராணி ஒன்றுகூடத் தப்பாமல் திருப்பிச் சொன்னார். "இப்போ சரியாயி," என்று சஜி சிரித்தார். அப்போது போடி அலுவலகத்தில், போனிலிருந்து தள்ளி, கார்த்தி பேசுவது பக்கத்தில் இருப்பது போலக் கேட்டது.

"என்னா செவிட்டக்கா, பாடஞ் சொல்லிக் குடுக்குறாகளா? திங்கக்கெழமை காய் பொறுக்கப் போறவளுக்கு எதுக்கு இந்தச் சோலி?"

கூட யாரோ சிரித்தார்கள். ஜெயபால் போனையே பார்த்துக்கொண்டு நின்றார். பிறகு கையை நீட்டி அவரே அழைப்பைத் துண்டித்தார். இறங்கும்போது எந்த வளைவிலும் அவர் செல்போனை எடுக்கவில்லை.

போடிக்கு வந்து சேர இருட்டத் தொடங்கிவிட்டது. ஜெயபால் நேராகச் செல்வராணியின் மேசைக்குப் போனார். திங்கட்கிழமை இங்கேயே இருக்கும்படியும், போனில்தான் கோளாறாம் என்றும் சொன்னார்.

"இருக்கேன் மொதலாளி," என்றார் செல்வராணி. "மலையிலருந்து பேசுறதுதான் எனக்குப் புரியாம இருந்துச்சு. இந்த ரூமுக்குள்ள பேசுனது பூராம் நல்லாவே கேட்டுச்சு."

கார்த்தி கணினியைப் பார்த்துக்கொண்டிருந்தான். ஜெயபால் அறையிலிருந்த எல்லோருக்கும் கேட்கும்படி சொன்னார். "மொதல்ல அப்படிக் கூப்பிட்டது நாந்தான். இனி யாரும் கூப்பிடக் கூடாது. நானுந்தேன்." அடுத்த அழைப்பு வந்தது, செல்வராணி எடுத்துப் பேசினார்.

போகிறவர்களுக்குச் சில விஷயங்கள். ஐப்பசியில் மலை ஏறுவதானால் குடை போதாது, மழைக்கோட்டு கொண்டுபோங்கள். மேலே இணைப்பு தருகிற சிம் எது என்று முன்கூட்டியே விசாரித்துக்கொள்ளுங்கள். போன் வாங்குகிறவர்கள் ஸ்டிக்கரைப் பார்க்காமல், இரண்டு முனையிலும் ஆளை உட்கார வைத்து, பெயர்களைச் சொல்லிப் பேசிப் பாருங்கள். வெளியே செல்போனுக்கும் பழைய லைனுக்கும் போகிற அழைப்பு இவ்வளவு தெளிவாக இருக்காது, அதையும் தெரிந்து வாங்குங்கள். அகன்ற ஒலிக்கு இணையம் எக்கச்சக்கமாகச் செலவாகும் என்று யாராவது சொன்னால் நம்பாதீர்கள்.

இன்னொன்று. ஒரு அலுவலகத்தில் இன்னாருக்குக் காது கேட்கவில்லை என்று சொன்னால், ஹெட்செட் தேடுவதற்கு முன்னால் அவருடைய நாற்காலியில் உட்கார்ந்து ஒரு அழைப்பை நீங்களே பேசிப் பாருங்கள். எனக்கு அதற்குப் பத்து நிமிடம்கூட ஆகவில்லை. அந்த அலுவலகத்தில் அதுவரை ஒருவரும் அப்படி உட்கார்ந்து பார்க்கவில்லை.