நேர்த்திக்காசின் பின்பக்கம்

2025 ஒக்டோபர் 18, சனிக்கிழமை. காலையில் லிபெர்த்தாத் தெருவில், நான் வேலைசெய்யும் இத்தாலிய எசமானி சிஞ்ஞோராவின் வீட்டு யன்னல்களைத் துடைத்தேன். வரும் வழியில் கத்தரிக்காய் வாங்கினேன். உடுப்புத் தோய்த்துக் காயவிட்டேன். பின்னேரம் மனைவி சாமித்தட்டிலிருந்த மஞ்சள் முடிச்சை எடுத்தாள்.

2007இல் மகள் குறைமாதத்தில் பிறந்து நோயாய்க் கிடந்தபோது கட்டிய நேர்த்திக்காசு அது. அன்று கைக்கு அகப்பட்டது, மனைவியின் தமையன் அமெரிக்காவிலிருந்து கொண்டுவந்த ஒரு சதம். பிள்ளை வளர்ந்து உழைக்கத் தொடங்கியதும் இதே காசை இந்த ஊரின் காவல் புனிதையான மலைக்குகைச் சாந்தாவிடம் கொண்டுவருவேன் என்று வேண்டியிருந்தாள். போன கிழமை மகளுக்குப் பல் வைத்தியர் ஒருவரிடம் வேலை கிடைத்தது. நேர்த்தி வைத்தவர்களில் சிலர் வெறுங்காலுடன் ஏறும் மலை அது. ஞாயிறு ஏறுவதாக இருந்தோம்.

துணி இற்றுப்போயிருந்ததால் புதுத்துணிக்கு மாற்ற முடிச்சை அவிழ்த்தாள். மஞ்சளும் ஈரமும் ஊறிக் காசின் ஆண்டு வாசிக்க முடியவில்லை. நான் பின்பக்கத்தைத் திருப்பினேன். முன்பக்கத்தில் முகம் காட்டும் ஜனாதிபதியே பின்பக்க மண்டபத்தின் தூண்களுக்கு நடுவே, ஊசிமுனை அளவில் உட்கார்ந்திருப்பார். கட்டுமுன் பூதக்கண்ணாடியில் பார்த்திருந்தேன். இப்போது மண்டபமே இல்லை. ஒரு கேடயம் இருந்தது.

போனில் தேடினேன். அவர் முகம் வந்த புதிதில் பின்பக்கத்தில் இரண்டு கோதுமைக்கதிர்கள். 1959இலிருந்து மண்டபம். 2009இல் மட்டும் அவர் வாழ்க்கையிலிருந்து நாலு காட்சிகள், முதலாவது அவர் பிறந்த மரக்குடிசை. ஆர்வத்தில் மனைவிக்குச் சத்தமாக வாசித்துக்கொண்டே போனேன். கேடயம் 2010இல்தான் வந்தது என்று வாசித்த பிறகே, என்ன சொல்லிவிட்டேன் என்று எனக்கு விளங்கியது.

"அப்ப நான் கட்டினது எங்கை?"

மகள் குசினியிலிருந்து வந்தாள். நாலாம் வகுப்பில் அதைப் பள்ளிக்குக் காட்டக் கொண்டுபோய்த் தொலைத்தாளாம். மாமா அடுத்தமுறை வந்தபோது இன்னொன்று கேட்டு வாங்கி, அம்மா கட்டியதுபோலவே கட்டிவைத்தாளாம்.

"என்னட்டைச் சொல்லியிருக்கலாமே?"

"சொன்னா எனக்குத் திரும்ப வருத்தம் வரும் எண்டு பயந்திருப்பியள், அம்மா."

சாந்தாவுக்கு அமெரிக்கக் காசின் சரித்திரம் தெரியாது என்று நான் சமாளிக்கப் பார்த்தேன்.

"நீங்கள் அந்தச் சரித்திரத்தைத் தேடி வாசிச்சதாலை வந்த வினைதான் இது," என்றாள் மனைவி. இதே காசு என்று வாய்விட்டு நேர்ந்துகொண்டதையே திரும்பத் திரும்பச் சொன்னாள். இரவு சாப்பிடவில்லை.

ஞாயிறு காலை எழுந்ததும் மனைவி முதல் வேலையாக மகளைத் தட்டியெழுப்பி, அந்தச் சதத்தை அவள் உள்ளங்கையில் வைத்தாள்.

"இதைக் கட்டினவள் நீ. நடந்ததை மலையிலை நீயே சொல்லிக் குடு."

மகள் சப்பாத்தைத் தேடவில்லை. வெறுங்காலுடன் எங்களுக்கு முன்னே படியிறங்கினாள்.