எந்த ஊர் வெள்ளைக்காரர்

எனக்குக் காது கூர்மை. இதைச் சொல்லிக்கொள்ள இன்றைக்கும் கூச்சமில்லை. திருமயம் பக்கத்தில் எங்கள் ஊரில், பத்து வயதில், இங்கிலீஷ் ஒரு வார்த்தை தெரியாதபோதே, ரேடியோவில் பேசுகிறவர் லண்டன்காரரா, அமெரிக்கரா, ஆஸ்திரேலியாக்காரரா என்று இரண்டு வாக்கியத்தில் சொல்லிவிடுவேன். லண்டன்காரர் உதடு நோகாமல் பேசுவார். அமெரிக்கர் வெற்றிலை குதப்பிக்கொண்டு பேசுவதுபோல் இருக்கும். ஆஸ்திரேலியாக்காரர் மூக்கால் இழுப்பார்.

ரேடியோ என் தாயாரின் தம்பியுடையது. அம்மான் என்று கூப்பிடுவோம். மலேயாவில் கடை பார்த்து, இங்கிலீஷும் பழகித் திரும்பியவர். முள்ளைத் திருப்பித் திருப்பி என்னைச் சோதிப்பது அவருக்குப் பொழுதுபோக்கு. சரியாகச் சொன்னால் ஒரு பிஸ்கோத்து. அந்த வருஷம் எனக்குப் பிஸ்கோத்தே சலித்துப்போயிற்று.

அந்தக் கோடையில் ஐந்தாம் வகுப்பு முடிந்தது. எங்கள் ஊர்ப் பள்ளிக்கூடம் அதோடு சரி. மேலே படிக்கப் புதுக்கோட்டைக்குப் பஸ்ஸில் போக வேண்டும். அப்பச்சி, அதாவது என் தகப்பனார், முடியாது என்றுவிட்டார். எங்கள் வகையில் எந்தப் பெண்ணும் பஸ் ஏறிப் படித்ததில்லை. அம்மான் ஒரு மாதம் பேசிப் பார்த்தார். நான் இரண்டு வேளை சாப்பிடாமல் கிடந்து பார்த்தேன். அப்பச்சி அசையவில்லை.

அப்போதுதான், ஆவுடையார்கோவில் சிற்பங்களைப் பார்த்துவிட்டுத் திரும்பிய ஒரு வெள்ளைக்காரத் தம்பதியின் கார், இன்ஜின் கொதித்து எங்கள் வாசலில் நின்றது. அம்மான் அவர்களை உள்ளே அழைத்து இளநீர் கொடுத்தார். நான் அவர்கள் வாயையே பார்த்துக்கொண்டு நின்றேன்.

"அத்தான், இவங்க எந்த ஊருன்னு பேச்சக் கேட்டே பாப்பா சொல்லிருவா," என்றார் அம்மான்.

அப்பச்சி சிரித்தார். "எல்லா வெள்ளைக்காரனுக்கும் ஒரே இரைச்சல்தானப்பா. சரி, சொல்லட்டும் பாப்போம். சொல்லிட்டா புதுக்கோட்டைக்குப் போகட்டும்."

துரை ஏதோ பேசினார். கண்ணை மூடிக்கொண்டு கேட்டேன். ஆஸ்திரேலியா மாதிரியேதான் இருந்தது; ஆனாலும் எங்கேயோ ஒரு நெருடல். யோசிக்க நேரமில்லை. "ஆஸ்திரேலியா," என்றேன்.

துரை வாய்நிறையச் சிரித்து என்னிடம் நீளமாக என்னவோ சொன்னார். அம்மான் உடனே அப்பச்சி பக்கம் திரும்பினார்.

"ரொம்பச் சரிங்கிறாரு அத்தான். இந்தப் பிள்ளையக் கட்டாயம் படிக்க வைக்கணுமாம்."

அப்பச்சி சொன்ன சொல்லை மாற்றுகிறவர் இல்லை. ஜூன் மாதம் நான் பஸ் ஏறினேன். ஊரே என் காதைப் பற்றிப் பேசியது. நானும் தலையை நிமிர்த்திக்கொண்டுதான் நடந்தேன்.

துரை பேசிய ஓசை மட்டும் அப்படியே எனக்குள் தங்கிவிட்டது. அர்த்தம் தெரியாமலே தோழிகளிடம் பாட்டுப்போல் ஒப்பித்துக் காட்டுவேன். ஒன்பதாம் வகுப்பில் ஒருநாள் பஸ்ஸில் அப்படி ஒப்பித்துக்கொண்டிருந்தபோது, அந்த ஓசை வார்த்தை வார்த்தையாகப் பிரிந்து எனக்குப் புரிந்துவிட்டது. "பக்கத்தில் வந்துவிட்டாய், குட்டிப் பெண்ணே. அவர்கள் எங்கள் அண்டை வீட்டுக்காரர்கள். கடலைத் தாண்டினால் எங்கள் தீவு." நியூசிலாந்து! எங்கள் ரேடியோவில் வராத ஊர்.

மறுபடியும் முதலிலிருந்து சொல்லிப் பார்த்தேன். படிப்பைப் பற்றி அதில் ஒரு வார்த்தைகூட இல்லை. அம்மானை நினைத்து அன்றைக்கு எனக்கு வந்த பெருமை, என் காதை நினைத்து ஒருநாளும் வந்ததில்லை.